இடைவேளை இல்லாத ஜெர்மன் படம்

அந்தக் காலத்தில் படம் எப்படி இருந்தாலும் இடைவேளை நன்றாக இருக்கும். நம் வயதுக்காரர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விளக்கு எரியும், கதவு திறக்கும், முறுக்குத் தட்டும் கலர் பாட்டிலும் உள்ளே வரும், யார் யாரோடு வந்திருக்கிறார்கள் என்று எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். இப்போது என் மகன் வீட்டில் டிவியில் படம் ஓடும்போது அவரவர் எழுந்து போகிற நேரத்துக்கெல்லாம் நிறுத்திவிட்டுப் போகிறார்கள். அதற்குப் பெயர் இடைவேளையா? எங்கள் வீட்டில் ஒரு கல்யாணத்தையே இடைவேளையை நம்பித்தான் ஏற்பாடு செய்தார்கள். போன இடத்தில் இடைவேளை இல்லை. அன்று பாதியில் விட்டு வந்த அந்த ஜெர்மன் படத்தை இந்த வருடம்தான் முழுதாகப் பார்த்து முடித்தேன். அதனால்தான் இதைச் சொல்லத் தோன்றியது.

நாங்கள் கடலூர் முதுநகரில், ஜங்ஷனுக்குப் பின்பக்கம் குடியிருந்தோம். அப்பாவுக்கு கூட்ஸ் ஷெட்டில் வேலை. துறைமுகத்துப் பக்கமிருந்து காற்றடித்தால் கருவாட்டு வாசனை, தண்டவாளத்துப் பக்கமிருந்து அடித்தால் கரிப்புகை. துணி காயப்போடும் முன் அம்மா தோட்டத்தில் நின்று மூக்கை உயர்த்திப் பார்த்துக்கொள்வாள். எங்களுக்குப் பூர்வீகம் கீரப்பாளையம் பக்கம். நிலத்தைப் பங்காளிகளிடம் விட்டுவிட்டு அப்பா உத்தியோகத்துக்கு வந்தவர். தாத்தாவும் ஆயாவும் போன பிறகு அப்பாவின் தங்கையும் எங்களோடு வந்துவிட்டாள். என் அத்தை. நான் அப்போது நாலாம் வகுப்பு.

அத்தை நல்ல உயரம். அப்பாவையே கொஞ்சம் குனிந்துதான் பார்ப்பாள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங்கில் இங்கிலீஷ் ஹையரும் பாஸ் செய்திருந்தாள். கடைத்தெரு இன்ஸ்டிட்யூட்டில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு அவள்தான் சொல்லிக்கொடுப்பாள். டைப் அடிக்கிறவர்கள் விரல் ஒரு வரியில் இருக்கும்போதே கண்ணை அடுத்த வரிக்கு அனுப்பிவிடுவார்களாம். அந்தப் பழக்கத்தில், இங்கிலீஷ் எழுத்து எங்கே கிடந்தாலும் அவள் கண் ஓடிப்போய்ப் படித்துவிட்டு வந்துவிடும். வேர்க்கடலை மடித்து வந்த பேப்பரைக்கூடக் கடலை தீர்ந்ததும் நீவிவிட்டுப் படிப்பாள்.

அவளைப் பெண் பார்க்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வாழைக்காய் பஜ்ஜி போடுவோம், கேசரி கிண்டுவோம். அத்தை தட்டோடு வந்து உட்காரும்வரை எல்லாம் நன்றாகத்தான் போகும். "பொண்ண கொஞ்சம் எழுந்திரிக்கச் சொல்லுங்க" என்பார்கள். அவள் எழுந்து நின்றதும் வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பிறகு, "ஊருக்குப் போயி கடுதாசி போடுறோம்." கடுதாசி வராது. கடைசியாக வந்த கூட்டத்தில் ஒரு அம்மாள், "எங்க வீட்டு வாசப்படிய இடிச்சித்தான் கட்டணும் போல" என்று சொல்லிச் சிரித்தாள். அத்தையும் கூடவே சிரித்தாள். அப்புறம் கிணற்றடிக்குப் போனவள், குடம் நிரம்பி வழிந்த பிறகும் இறைத்துக்கொண்டே இருந்தாள். மிச்ச பஜ்ஜியெல்லாம் எனக்குத்தான் என்கிற சந்தோஷத்தில் அன்று நான் இருந்தேன். இன்று நினைத்தால் அந்த எண்ணெய் வாசனையே நெஞ்சைக் கரிக்கிறது.

அப்பா அன்றைக்கே சொல்லிவிட்டார். "இனிமே எவனுக்கும் என் வீட்டுல பஜ்ஜி கெடையாது."

அந்த நேரத்தில்தான் சிதம்பரத்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி. தெரியாது என்கிற வார்த்தையே தெரியாத மனிதர். மழை வருமா, ரயில் வருமா, எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பார். பதில் சரியாக இருக்க வேண்டும் என்று அவரும் எதிர்பார்க்க மாட்டார், நாங்களும் எதிர்பார்க்க மாட்டோம்.

"மாமா, ஒரு நல்ல எடம் வந்திருக்கு" என்றார் அப்பாவிடம். "பையனுக்குச் சிதம்பரத்துலயே, காலேஜ்ல வேலை."

"வந்து பஜ்ஜி தின்னுட்டுப் போவாங்க. அதான மச்சான்?"

"அவுங்க வரவே வேணாம் மாமா. நாம போவோம். அங்க நாலு படிச்சவங்க சேந்து சினிமா சங்கம்னு ஒண்ணு நடத்துறாங்க. வெளிநாட்டுப் படம் போடுவாங்க. அந்தப் பையனும் அதுல ஒரு ஆளு. வர ஞாயித்துக்கெழம கல்யாண மண்டபத்துல படம். ஆடி மாசம், மண்டபம் சும்மாதான கெடக்குது? நாமளும் போயி உக்காருவோம். எடவேளையில லைட்டு போடுவான். பொண்ணு எழுந்திரிக்கக்கூட வேணாம். சும்மா இப்படித் திரும்பி உக்காந்தா போதும். பையன் அங்கேருந்து பாத்துக்குவாரு. புடிச்சிதா, சொல்லுவாரு. புடிக்கலியா, யாருக்கு என்னா நஷ்டம்? படம் பாக்கப் போனோம், பாத்தோம், வந்தோம்."

எழுந்திரிக்க வேண்டாம் என்றதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். கதவுக்குப் பின்னால் அத்தையின் வளையல் சத்தம் நின்றது.

"ஆடி மாசத்துலயா பொண்ணு பாக்குறது?" என்றாள் அம்மா.

"ஆடியில பொண்ணு பாக்குறதுதான்க்கா கூடாது. படம் பாக்கலாம்."

"என்னா படம்?"

"ஜெர்மன் படம். கிரைமு. அப்படின்னா சிஐடி படம்க்கா. துப்பாக்கி, கார் சேஸு, கிளப் டான்ஸு எல்லாம் இருக்கும். ஜெர்மன்காரன் எடுத்தா சண்டை ஜாஸ்தியாவே இருக்கும்."

அம்மா அதை வைத்துத் திட்டம் போட்டாள். அவளிடம் ஒரு வட்டப் பவுடர் டப்பா இருந்தது. ரோஸ் நிறம், மூடியின் உள்பக்கம் கண்ணாடி, மேலே தேய்ந்துபோன மயில். அவள் கல்யாணத்துக்குத் தைக்க வந்த தையல்காரரின் மனைவி கொடுத்ததாம். விசேஷ நாட்களில் மட்டும்தான் வெளியே வரும். பல வீடுகள் மாறியதில் அது எங்கே போனதென்றே தெரியவில்லை. எத்தனையோ சாமான் போயிருக்கிறது, இதுதான் மனதில் நிற்கிறது. "எந்தப் படமா இருந்தாலும் எடவேளைக்கு முன்னால ஒரு சண்டை வரும்" என்று அம்மா அத்தைக்கு விளக்கினாள். "சண்டை ஆரம்பிச்சதும் டப்பாவ உன் கையில குடுப்பேன். வில்லன் கீழ விழுறதுக்குள்ள பூசி முடிச்சிடு. லைட்டு வரும்போது மொகம் பளிச்சின்னு இருக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை காலைப் பாசஞ்சரில் போனோம். அத்தை நீலப் பட்டு கட்டியிருந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்தால் முகத்தில் கரி படியும் என்று அம்மா அவளை நடுவில் உட்கார வைத்துவிட்டாள். புதுச்சத்திரம் தாண்டியதும் உழுது விட்ட வயல்களின் சேற்று வாசனை பெட்டிக்குள் வந்தது. அத்தை வயலைப் பார்க்க எட்டி எட்டிக் குனிந்துகொண்டே வந்தாள். அம்மா அவள் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தாள்.

மண்டபத்தில் போன மாதத்துக் கல்யாணத்தின் காகிதத் தோரணம் இன்னும் தொங்கியது. சந்தனமும் சாம்பாரும் கலந்த வாசனை சுவரிலேயே ஊறியிருந்தது. மணமேடையில் வெள்ளை வேட்டி கட்டி, அதுதான் திரை. ஜன்னல்களில் ஜமுக்காளம் அடித்திருந்தார்கள். ஆடிக்காற்று அதைத் தூக்கும்போதெல்லாம் ஒரு பட்டை வெளிச்சம் உள்ளே வந்து போகும். ஆண்களுக்கு ஒரு பக்கம் நாற்காலி, பெண்களுக்கு ஒரு பக்கம். பின்னால் ஒரு மேஜைமேல் படம் காட்டும் மிஷின்.

மாமா மாப்பிள்ளையை நேரில் பார்த்ததில்லை என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. "மெலிசா, கண்ணாடி போட்டிருப்பாருன்னு சொன்னாங்க" என்றார். அங்கே பாதிப்பேர் மெலிசாகக் கண்ணாடி போட்டிருந்தார்கள். கடைசியில் முழுக்கைச் சட்டையோடு முன்வரிசையில் இருந்த ஒருவர்தான் மாப்பிள்ளை என்று மாமா முடிவு செய்தார். அப்பா அவரைப் பார்த்து மரியாதையாகத் துண்டைச் சரிசெய்துகொண்டார். அவரும் யாரென்று தெரியாமலே தலையாட்டினார். அவர் கல்யாணமாகி மூன்று பிள்ளை பெற்ற புரொபசர் என்பது பின்னால் தெரிந்தது.

விளக்கணைந்தது. மிஷின் கடகடவென்று ஓடத் தொடங்கியது.

மழை. கறுப்பு வெள்ளையில் ஒரு ஊர். ரயில்வே ஸ்டேஷனில் பெட்டி பைகளை வாங்கிப் பத்திரமாக வைக்கிற அறையில் ஒருவன் வேலை பார்க்கிறான். ஒரு நாள் ராத்திரி ஆளில்லாத பிளாட்பாரத்தில் அவனுக்கும் அவன் மேலாளருக்கும் வாய்த்தகராறு. அவன் பிடித்துத் தள்ளுகிறான். மேலாளர் விழுந்து செத்துப்போகிறார். அவ்வளவுதான். சண்டை என்று அதைச் சொன்னால் ஜெர்மன்காரனுக்கே வெட்கமாக இருந்திருக்கும். அம்மா டப்பாவை எடுப்பதற்குள் முடிந்துவிட்டது.

"அவன்தான் சிஐடி!" என்று ஆண்கள் பக்கமிருந்து மாமா எங்களுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"இல்ல அண்ணி" என்றாள் அத்தை மெதுவாக. "அவன்தான் கொன்னவன்."

"மொதல்லயே காட்டிப்புட்டானா? அப்ப மீதி நேரத்துக்கு என்னத்த காட்டுவான்?"

மீதி நேரத்துக்கு அவன் வீட்டைக் காட்டினார்கள். சின்ன சமையலறை, அவன் மனைவி, ஒரு மேஜை. தினமும் சாயங்காலம் குண்டாக ஒரு இன்ஸ்பெக்டர் வருவார். துப்பாக்கி எடுக்க மாட்டார், அடிக்க மாட்டார். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு மேஜையில் உட்காருவார். அவள் அவருக்கும் ஒரு தட்டில் சூப் ஊற்றுவாள். மழையைப் பற்றிப் பேசுவார், போய்விடுவார். இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிற புருஷனை அவள் பார்ப்பாள். படத்துக்குக் கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடியது. எங்கள் வரிசையில் அதை அவ்வளவு வேகமாகப் படிக்க முடிந்தது அத்தைக்கு மட்டும்தான்.

"என்னா சொல்றான்?" என்று அம்மா கேட்டாள். அத்தை சொல்ல ஆரம்பித்தாள்.

"'ரொட்டி ஆறிப்போவுது, சாப்புடு'ங்கறா. 'பசிக்கல'ங்கறான். 'நேத்தும் பசிக்கல'ங்கறா."

அவள் சொல்லச் சொல்ல அந்த ஜெர்மன்காரி முதுநகரில் எங்கள் தெருவில் இருக்கிறவள் போல ஆகிவிட்டாள். முன்வரிசையிலிருந்த பெண்கள் இரண்டு பேர் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார்கள். அத்தை தான் எதற்கு வந்திருக்கிறோம் என்பதையே மறந்துவிட்டாள். தலையைக் குனிந்து உட்கார் என்று சொல்லி அழைத்து வந்த பெண், கழுத்தை நீட்டிக்கொண்டு, இருக்கிற உயரம் அத்தனையும் தெரிய உட்கார்ந்திருந்தாள்.

அந்த மனைவி ஒரு நாள் புருஷன் சட்டையைத் துவைக்கிறாள். கைப்பக்கம் ஒரு பட்டன் இல்லை. செத்தவர் பக்கத்தில் கிடந்ததென்று முந்தின நாள் இன்ஸ்பெக்டர் உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தது அந்தப் பட்டனைத்தான். அவளுக்குப் புரிந்துவிடுகிறது. கத்தவில்லை, அழவில்லை. ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து, அதே மாதிரி ஒரு பட்டன் தேடி எடுத்து, நிதானமாகத் தைக்கிறாள். பல்லால் நூலைக் கடித்து அறுக்கிறாள். சட்டையைக் கொடியில் காயப்போடுகிறாள். இதற்கு வசனம் கிடையாது. அத்தை சொல்வதற்கு எதுவும் இல்லை. ஏன் பேசவில்லை என்று திரும்பிப் பார்த்தேன். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பளீரென்று எல்லா விளக்குகளும் எரிந்தன.

"எடவேளை!" என்று மாமா எழுந்தார். வேறு யாரும் எழுந்திருக்கவில்லை. ஒரே மிஷின் வைத்துக் காட்டுகிற இடத்தில், ஒரு ரீல் முடிந்தால் அடுத்த ரீலை மாட்ட விளக்கைப் போடுவார்கள் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? அம்மா பதறிப்போய் டப்பாவைத் திறந்து, சொதசொதவென்றிருந்த அத்தையின் முகத்தில் பவுடரை அப்பினாள். சுண்ணாம்பு அடித்த சுவரில் மழை பெய்தது போல ஆகிவிட்டது. அத்தை எதையும் கவனிக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்வரிசை முழுக்கைச் சட்டைக்காரர் திரும்பவே இல்லை. திரும்பிப் பார்த்தது பின்னால் மிஷின் பக்கத்தில் நின்ற ஆள்தான். ஒல்லியாக, சட்டைக் கையை மடித்துவிட்டு, ஃபிலிம் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு, மாட்டாமல் அப்படியே நின்று அத்தையைப் பார்த்தார். யாரோ "சார், ரீலு" என்றதும்தான் குனிந்து மாட்டினார். விளக்கு அணைந்தது.

அதற்குப் பிறகு அப்பா படத்தைப் பார்க்கவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மத்தியானப் பாசஞ்சரை விட்டால் சாயங்காலம்தான். "இது எடவேளை இல்லியாம். எடவேளையே இன்னும் வரல, இது என்னைக்கி முடியிறது?" என்று வந்து எங்களைக் கிளப்பினார்.

"அண்ணே, இன்னும் கொஞ்சந்தான் இருக்கும்ணே."

"பாதிகூட ஆவல. எழுந்திரி."

படம் முடியக் கொஞ்ச நேரம்தான் பாக்கி இருந்தது. பாவம், அப்பாவின் கணக்கில் இடைவேளை வராத படம் பாதி தாண்டாத படம். அத்தை திரையைப் பார்த்துக்கொண்டே பின்னோக்கி நடந்து வெளியே வந்தாள். வாசல் நிலையில் தலை இடித்தது.

ரயில் ஏறும்போதே சம்பந்தம் கெட்டுவிட்டது என்று பெரியவர்கள் இருவரும் முடிவு செய்துவிட்டார்கள். அம்மா, "அழுவுற நேரமா அது?" என்று ஒரு தடவை சொன்னாள். இந்தத் தடவை அத்தையை ஜன்னலோரம் விட்டுவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். வந்தவர் செருப்பைக் கழற்றும்போதே, "மாமா, பையன் பாத்துட்டாராம். மிஷின் போட்டாரே, அவருதானாம். காலேஜ்ல சயின்ஸ் லேபுல வேலை" என்றார். தப்பான ஆளைக் காட்டியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"என்ன சொன்னாரு?"

மாமா தொண்டையைச் செருமினார். "ஒண்ணே ஒண்ணு கேட்டு வரச் சொன்னாராம். பொண்ணு எதுக்கு அழுதுச்சின்னு."

அப்பாவின் முகம் இறுகியது. கேட்டது என்ன அர்த்தத்தில் என்பது அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகமே இல்லை. காரணமில்லாமல் அழுகிற பெண் என்றால் மனதில் வேறு எவனோ இருக்கிறான், இல்லையென்றால் உடம்பில் ஏதோ கோளாறு. அப்படித்தான் கேட்பார்கள், அதற்குத்தான் கேட்பார்கள். ஒரு மனிதன் நிஜமாகவே தெரிந்துகொள்வதற்காகக் கேட்பான் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. அம்மா அடுப்பை விட்டு வந்து நின்றாள். அவளுக்குத்தான் சட்டென்று வந்தது.

"தூசின்னு சொல்லு. ஆடிக்காத்து. ஜன்னல்ல ஜமுக்காளம் பறந்துச்சே, கண்ணுல தூசி விழுந்துடுச்சி."

"அதான்!" என்றார் மாமா. "தூசி. எனக்குக்கூடத்தான் விழுந்துச்சி."

"அப்படியே சொல்லிடு மச்சான்" என்றார் அப்பா. "இந்த மாதிரி படமெல்லாம் பொண்ணு பாக்கறதில்லன்னும் சொல்லிடு."

அத்தை தோட்டத்தில் உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தாள். கையில் மாவு வழிய அப்படியே கூடத்துக்கு வந்தாள். ஆண்கள் பேசும்போது அவள் அங்கே வந்து நான் பார்த்ததில்லை.

"தூசி இல்லண்ணே. நான் அழுதேன்."

"உள்ள போ."

"அந்தப் பொம்பள எல்லாம் தெரிஞ்சிக்கிட்டும் பட்டன் தச்சி சட்டையக் காயப்போட்டாளே, அதுக்குத்தான் அழுதேன். கேட்டவருக்கு அதையே சொல்லச் சொல்லு."

"கொலகாரன் பொண்டாட்டிக்கு அழுதேன்னு போயி சொல்லணுமா? எவன்டி கட்டுவான்?"

"கட்டலன்னா போவட்டும்" என்றாள். "இன்னைக்கி தூசின்னு சொன்னா, அங்க போயி நான் எப்ப அழுதாலும் தூசின்னுதாண்ணே சொல்லணும்."

மாவு சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. யாரும் துடைக்கவில்லை. அவள் திரும்பிப் போய்விட்டாள், ஆட்டுக்கல் சத்தம் மறுபடியும் கேட்டது. அப்பா மாமாவைப் பார்த்து, "தூசின்னே சொல்லு" என்றார்.

இதிலும் மாமா மாமாவாகவே நடந்துகொண்டார். எது பலிக்குமோ என்று இரண்டையும் சொல்லிவிட்டாராம். "தூசின்னு அண்ணன்காரரு சொல்றாரு. சட்டைன்னு பொண்ணு சொல்லுது. ஒங்களுக்கு எது தோதோ எடுத்துக்குங்க."

ஆடி முடிவதற்குள் ஒரு மத்தியானம் மிஷின் போட்டவர் தனியாகவே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கூடத் தாய் தகப்பன் இல்லை, தாம்பூலத் தட்டு இல்லை. அப்பாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அம்மா கேட்காமலே எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றினாள். அப்பா தன் சபதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அத்தை கதவோரம் நின்றாள். அவர் அப்பாவிடம் பேசுவது போல அவளிடம் பேசினார். "மிஷின் போட்டா படம் பாக்க முடியாதுங்க. ஃபிலிமு சரியா ஓடுதா, பல்பு சூடாவுதான்னு அதுலயே கண்ணு இருக்கும். அன்னைக்கி லைட்டப் போட்டா இவுங்க அழுதுகிட்டிருக்காங்க. நாம என்னத்த உட்டுட்டோம்னு தோணிச்சி. திருப்பி அனுப்பறதுக்கு முன்னால அன்னைக்கி ராத்திரி தனியா ஒருதரம் போட்டுப் பாத்தேன்." அப்புறம், "இவுங்க பாதியில போயிட்டாங்களே. கடைசியில என்னாச்சின்னு சொல்லட்டுங்களா?" என்றார்.

அப்பா தலையாட்டினார்.

"இன்ஸ்பெக்டரு வராரு. அந்தம்மா கதவத் தொறந்து, 'அவரு இல்ல'ங்கறாங்க. அவருக்குப் பொய்யின்னு தெரியுது. தொப்பியப் போட்டுக்கிட்டுப் போயிடறாரு. அன்னைக்கே இவுங்க ரெண்டு பேரும் ரயிலேறி வேற ஊருக்குப் போயிடறாங்க. ஸ்டேஷன்ல வேல பாத்தவன்தான, எந்த ரயிலு எங்க போவும்னு தெரியாதா?"

கதவோரத்திலிருந்து அத்தை பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அவர் எழுந்து நின்றபோது அவளுடைய காது உயரம்தான் இருந்தார். அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஆவணியில் கல்யாணம், அதே மண்டபத்தில். நான் அவரை மிஷின் மாமா என்று கூப்பிடுவேன். லீவு விட்டால் சிதம்பரம் போய்விடுவேன். ஒரு தடவை கணக்கில் ஃபெயிலாகி, அவர்கள் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து அழுதேன். எங்கள் வீட்டில் என்றால் அழாதே என்பார்கள், மீறினால் ஒரு அடி விழும். மிஷின் மாமா ஓடிக்கொண்டிருந்த ரேடியோவை நிறுத்திவிட்டு வந்து எதிரில் குந்தினார். "ஏன் அழுவுற?" என்றார். கேட்டுவிட்டு நான் சொல்லும்வரை அப்படியே இருந்தார். அத்தையிடமும் அப்படித்தான். குழந்தை தங்காமல் போன வருடத்தில்கூட, கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாராம். சில நாள் பதில் வரவே நேரமாகுமாம். இதெல்லாம் பெரிய விஷயம் என்று எனக்கு அப்போது தெரியாது. எனக்குக் கல்யாணமாகி நாலு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

போன வருடம் மிஷின் மாமா போய்விட்டார். வந்தவர்கள் எல்லோரும் அத்தையைக் கட்டிக்கொண்டு, "அழாதீங்க, அழாதீங்க" என்றார்கள். அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்குத் தாங்கவில்லை, அடுத்த மாதமே கடலூருக்கு அழைத்து வந்துவிட்டேன். கண்ணில் புரை எடுத்தும் அவளுக்குப் பார்வை முழுதாக வரவில்லை. உருவம் தெரியும், எழுத்து தெரியாது.

படத்தின் பெயர் எங்கள் இருவருக்குமே தெரியாது. மழை, ரயில்வே ஸ்டேஷன், பட்டன் என்று நான் சொல்லச் சொல்ல என் மகன் எங்கெங்கோ தேடி, ஒரு நாள் மத்தியானம் டிவியில் போட்டுக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனான். அதே மழை. அதே சமையலறை. இந்தத் தடவை கீழே ஓடும் எழுத்தை நான் படித்துச் சொன்னேன், அத்தை கேட்டாள். இன்ஸ்பெக்டர் எனக்கு இப்போது சின்னப் பையனாகத் தெரிந்தார். பட்டன் தைக்கிற இடத்தில் அத்தை அழவில்லை. "நூலு ரெண்டா எடுத்துத் தைக்கணும்டி, ஒத்த நூலு நிக்காது" என்றாள்.

நாங்கள் எழுந்து வந்த இடமும் தாண்டியது. இன்ஸ்பெக்டர் கதவைத் தட்டினார். அவள் திறந்தாள். அவர் ஏதோ கேட்டார். அவள் பதில் சொன்னாள். எழுத்து வந்தது. நான் மனதுக்குள் படித்துவிட்டு, கை தானாகவே ரிமோட்டுக்குப் போய்ப் படத்தை நிறுத்திவிட்டேன்.

"என்னாடி சொல்றா?"

"இரு அத்தே, நெட்டு நின்னுபோச்சி."

அத்தை என் பக்கம் திரும்பினாள். என் முகம் அவளுக்குச் சரியாகத் தெரியாது. ஆனாலும் நன்றாகப் பார்த்தாள்.

"தூசின்னு சொல்லாத. உள்ளத சொல்லு."

திரையில் நின்ற எழுத்தைப் படித்தேன். "'பின்னால ரூம்ல இருக்காரு. காலையிலேருந்து ஒண்ணும் சாப்புடல. சாப்புட்டப்புறம் கூட்டிட்டுப் போங்க'ங்கறா அத்தே."

"ரயிலு?"

"ரயிலு இல்ல அத்தே."

மறுபடி ஓடவிட்டேன். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேஜையில் உட்கார்ந்தார். அவள் சூப் ஊற்றினாள். அவன் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து சாப்பிட்டான். ஸ்பூன் தட்டில் படுகிற சத்தம் மட்டும் கேட்டது. தட்டு காலியானதும் படம் முடிந்தது.

அத்தை முதலில் சிரித்தாள். "பொய்யி சொல்லிட்டுப் போயிட்டாரே மனுஷன்" என்றாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே வாய் கோணியது. முந்தானை வாய்க்குப் போனது, அன்று மண்டபத்தில் போன மாதிரியே.

நான் டிவியை அணைத்துவிட்டு அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"ஏன் அத்தே அழுவுற?"

பதில் வர நேரமானது. தெருவில் ஐஸ் வண்டி மணியடித்துப் போனது. நான் அப்படியே இருந்தேன்.

"எம்மாம் நல்ல முடிவு, அத மறச்சிட்டு..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நான் மறுபடி அழுவக் கூடாதுன்னு, எனக்கோசரம் ரெண்டு பேரையும் ரயிலேத்தி உட்டாருடி."